பம்புசெட் இணைப்புக்கு ஒட்டு நாடா: கெடாமல் வைத்திருக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஆற்றுப் பாசனமும் வாய்க்கால் பாசனமும் உள்ள இடங்களை விட்டுவிட்டால், வெள்ளாமை என்பது கிணற்று நீரை நம்பியதே. கவலை ஓட்டி நீர் இறைத்த நம் நாட்டில், 1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்த பிறகு கிணற்று மேட்டில் மோட்டார் ஏறியது. பின்னர் தரைக்கிணறுகள் பல வற்றிப் போகவே, ஆழ்துளைக் கிணறு தோண்டி நீர்மூழ்கி மோட்டாரை இறக்குவது வழக்கமாயிற்று. ஆயிரம் அடியைத் தாண்டிய துளைகளும் இன்று நம் பகுதியில் உள்ளன.

இந்த மோட்டாரிலிருந்து வெளிவரும் கம்பியும், மேலிருந்து இறங்கும் கேபிளும் சேரும் இணைப்பின் நீளம் ஒரு சாண் அல்லது இரண்டு சாண்தான். அந்த இணைப்பு இரவும் பகலும் நீருக்குள் கிடக்கிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் அதன் வழியே ஓடுகிறது. அதைச் சுற்றிக் காவலாக நிற்பது சில முழ ஒட்டு நாடா மட்டுமே. மோட்டார் எந்தக் கம்பெனி, பைப்பு எந்த கேஜ், கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கும் உழவர்கள், இந்த நாடாவை மட்டும் அலமாரியில் எப்போதோ வாங்கிப் போட்டதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மோட்டார் அறையில் தகரக் கூரைக்கு நேர் கீழே, ஆணியில் மாட்டிய நிலையில், பக்கமெல்லாம் செம்மண் அப்பிய நாடாச் சுருளைப் பல தோட்டங்களில் காணலாம். அதைப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக ஒன்று வாங்குவது எவ்வளவோ மேல்.

கெட்டுப்போன நாடா செய்யும் கேடு உடனே தெரிவதில்லை. சுற்றிய அன்று நன்றாக ஒட்டியது போலவே இருக்கும். மோட்டாரும் ஓடும். நாளடைவில் அடுக்குகளுக்கு இடையே நீர் ஊர்ந்து கம்பியைத் தொடும். அப்போது மின்சாரம் நீரிலும் இரும்புக் குழாயிலும் கசியும். குழாயைத் தொட்டவர்க்கு அதிர்ச்சி ஏற்படும். தொட்டி ஓரம் நீர் குடிக்க வரும் ஆடு மாடுகளுக்கும் ஆபத்துதான். இணைப்பு உள்ளே அரித்து ஒரு முனை அறுந்தால், மீதி இரண்டு முனையில் மோட்டார் உறுமி, சுருள் கருகும். மோட்டாரை மேலே தூக்க வண்டி, ஆட்கள், பைப்பு பைப்பாகக் கழற்றும் வேலை என்று செலவு ஒரு பக்கம். பூ பிடிக்கும் தக்காளிக்கும் குலை தள்ளும் வாழைக்கும் நான்கைந்து நாள் தண்ணீர் இல்லாமல் போவது இன்னொரு பக்கம். செலவையாவது கணக்கில் எழுதலாம். வாடிய பயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்று வகை நாடா

கடையில் "டேப்பு" என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். வகை தெரிந்து கேட்க வேண்டும்.

பளபளப்பான பிளாஸ்டிக் நாடா ஒன்று. இது பி.வி.சி. நாடா. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்களில் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் பசை இருக்கும். இரண்டாவது ரப்பர் நாடா. இதில் பசையே கிடையாது. சுருளின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் இருக்கும். இழுத்துச் சுற்றினால் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கோடு உருகிச் சேர்ந்தது போல ஒரே கட்டியாகிவிடும். நீர் புகாமல் தடுப்பது உண்மையில் இதுதான். மேலே சுற்றும் பி.வி.சி. நாடா, ரப்பரை உராய்விலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும் சட்டை போன்றது. மூன்றாவது பழைய கறுப்புத் துணி நாடா. பருத்தித் துணியில் ரப்பர்ப் பசை ஏற்றியது. உலர்ந்த இடத்தில் கைப்பிடிக்குச் சுற்ற உதவும். நீருக்குள் போகும் இணைப்புக்கு ஆகாது.

சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இணைப்பின் மேல் கட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. டியூப் ரப்பரில் கரித்தூள் கலந்திருக்கும். அது காற்றை அடைப்பதற்குச் செய்யப்பட்டதே தவிர மின்சாரத்தை அடைப்பதற்கு அன்று. காகிதக் கட்டுக்கு ஒட்டும் செல்லோ டேப்பையும், புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியையும் மின் கம்பியில் ஒட்டவே கூடாது.

நாடா ஏன் கெடுகிறது?

பாசனத்துக்குப் போடும் பி.வி.சி. குழாயும் இந்த நாடாவும் அடிப்படையில் ஒரே பிளாஸ்டிக்தான். குழாய் விறைப்பாக இருக்கிறது, நாடா துணி போல் வளைகிறது. காரணம், நாடாவில் எண்ணெய் போன்ற ஓர் இளக்கியைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த இளக்கி பிளாஸ்டிக்கோடு இரசாயன முறையில் பிணைந்து நிற்பதில்லை. ஊறிப்போய் நிற்கிறது, அவ்வளவே. வெப்பம் ஏறினால் மெல்ல மெல்ல நகர்ந்து பக்கத்தில் உள்ள பசைக்குள் இறங்கும். அதனால் இரண்டு கெடுதி ஒரே சமயத்தில் நேரும். பிளாஸ்டிக் விறைத்து இழுவை இழக்கும். பசையோ இளகிக் கூழாகும்.

இது இன்று நேற்றுக் கண்ட குறையன்று. அமெரிக்காவில் 1940களில் 3எம் நிறுவனத்தார் இவ்வகை நாடாவை உருவாக்க முயன்றபோது அவர்களைத் தடுத்து நிறுத்தியதே இந்த இளக்கிதான். பசையோடு ஒத்துப்போகும் வேறு இளக்கிகளைத் தேடிக் கண்ட பிறகே, 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வந்தார்கள். நல்ல தயாரிப்பில் இந்த நகர்வு மிக மெதுவாக நடக்கும். மலிவுச் சரக்கில் சீக்கிரம் நடக்கும். எதுவானாலும் வெப்பம் அதை விரைவுபடுத்தும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. வெளியே 38 டிகிரி செல்சியஸ் காயும் சித்திரை நாளில் தகரத்துக்கு அடியில் அதைவிடப் பல டிகிரி ஏறும். நிழலான உள்ளறையில் சில ஆண்டுகள் தாங்கும் சுருள், அங்கே ஓரிரு கோடையில் முடிந்துபோவதில் வியப்பில்லை.

பசையின் இயல்பையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. அது முழுத் திடமும் அன்று, முழுத் திரவமும் அன்று. கம்பியின் மேல் படர்ந்து பிடிக்கும் அளவுக்கு இளக்கமும், பிடித்த பிடி விடாத அளவுக்கு விறைப்பும் சேர்ந்திருந்தால்தான் ஒட்டும். வெப்பத்தில் அது பாயும். சுருளின் பக்கவாட்டில் பிசின் போல் கசிந்து நிற்பது அதனால்தான். குளிரில் விறைக்கும். நம் சமவெளியில் மார்கழிக் குளிர் அவ்வளவு கெடுதி செய்வதில்லை. நீலகிரியில் உள்ளவர்கள் அதிகாலையில் நாடாவை நேரே எடுத்துச் சுற்றாமல், சிறிது நேரம் சட்டைப் பையில் வைத்திருந்து உடல் சூடு ஏறிய பிறகு சுற்றலாம். தீக்குச்சி கொளுத்திச் சூடு காட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தச் சூடு பிளாஸ்டிக்கையே சுருக்கிவிடும்.

வெயில் அடுத்த பகை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும். கறுப்பு நாடாவில் உள்ள கரித்தூள் இக்கதிரை உள்ளே போக விடாமல் உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே வெளியில் இருக்கும் இணைப்புக்குக் கறுப்பே ஏற்றது. முனை அடையாளத்துக்காகச் சுற்றும் சிவப்பு, மஞ்சள், நீல நாடாக்கள் வெயிலில் சீக்கிரம் வெளுத்து வெடிக்கும். அவற்றை ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உள்ளே சுற்றினால் போதும்.

தூசி பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் மாதங்களில் நம் பகுதியில் திறந்து வைத்த எந்தப் பொருளிலும் புழுதி படியும். நாடாச் சுருளின் இரு பக்கமும் பசை விளிம்புகள்தானே? அங்கே ஒட்டும் மண் திரும்ப வராது. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றின் விளிம்பிலும் ஒரு மண் கோடு விழும். நீர் உள்ளே ஊர்வதற்கு அந்தக் கோடே வாய்க்கால். ரப்பர் நாடாவில் தூசி படிந்தால் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று சேரவே சேரா.

பூச்சி மருந்து அறையில் நாடாவை வைப்பது பெருந்தவறு. குழம்பாகும் திரவ மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. அவற்றின் ஆவி பசையைக் கரைக்கும். டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ், வேப்பெண்ணெய் எல்லாமே ரப்பருக்கு ஆகாதவை. மருந்து தெளிப்பானின் கருவிப் பெட்டியில் நாடாவைப் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கே, எப்படி வைப்பது?

தயாரிப்பாளர்கள் பலரும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் உள்ள இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். குளிர்சாதன அறை உள்ளவர்க்கு அது சரி. தோட்டத்துச் சாளையில் வசிப்பவர் என்ன செய்வது? வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, உலர்ந்த மூலையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அட்டாலி வேண்டாம். சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் தங்கும். சமையலறையில் எண்ணெய்ப் புகை. குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வைப்பதும் ஆகாது, அங்கும் சூடுதான். தண்ணீர்ப் பானை அருகே குளிர்ச்சியாக இருக்குமே என்று சிலர் நினைக்கலாம். குளிர்ச்சி உண்டு, ஆனால் ஈரமும் உண்டு. துணி நாடா அங்கே பூஞ்சணம் பிடிக்கும், அட்டை நடுவளையம் ஊறி உப்பும். மேற்குச் சுவர் மாலை வெயிலில் சூடேறி இரவிலும் அனல் விடுமாகையால் அதை ஒட்டிய அலமாரியும் சரியில்லை. உள்ளறையில், வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் உள்ள அலமாரியின் அடித்தட்டே தகுந்த இடம்.

வாங்கிய உறையிலேயே சுருளை வைத்திருக்க வேண்டும். உறை கிழிந்திருந்தால் ஒவ்வொரு சுருளையும் தனித்தனிப் பாலிதீன் பையிலிட்டு, மூடியுள்ள எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்க வேண்டும். உறையில்லாமல் சுருள் மேல் சுருளாக அடுக்கினால் பக்கவாட்டுப் பசை ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். இடையில் மெழுகுத் தாள் இட்டால் பிடிக்காது. செய்தித்தாள் இட்டால் தாள் பசையோடு வந்துவிடும். மருந்துப் புட்டிகளிலும் புதிய செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை டப்பாவில் போட்டு வைப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் உதவும்.

சுருளைப் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். மேலே ஸ்பானர், சுத்தியல் முதலிய பாரம் ஏற்றக் கூடாது. நாடா இழுவிசையோடு சுற்றப்பட்ட பொருள். வெப்பமும் பாரமும் சேர்ந்தால் நடுப்பகுதி ஒரு பக்கமாகப் பிதுங்கி வெளிவரும். அப்படிப் பிதுங்கிய சுருள் நேராகப் பிரியாது.

பிரித்த சுருளின் நுனியை அரை அங்குலம் உள்புறமாக மடித்து விட்டால், அடுத்த முறை நுனி தேடி நகத்தால் கீற வேண்டியதில்லை. நுனியில் தூசியும் ஒட்டாது. நடுவளையத்தின் உட்பக்கம் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் பேனாவால் எழுதி வைக்க வேண்டும். விதைப் பையில் தேதி பார்ப்பது போலத்தான் இதுவும். முந்தி வாங்கியதை முந்திச் செலவிட வேண்டும்.

மோட்டார் பழுது பார்க்க வருபவர்கள் தங்கள் மொபெட் பெட்டியில் நாடாவை வைத்திருப்பார்கள். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டி மோட்டார் அறையை விடச் சூடேறக் கூடியது. ஆகவே கிணற்றுக்குள் இறங்கும் இணைப்புக்கு வீட்டில் பத்திரமாக வைத்த நாடாவை நாமே எடுத்துக் கொடுப்பது நல்லது. அவர்கள் மனம் கோணுவார்களே என்று தயங்க வேண்டியதில்லை. நல்ல தொழிலாளி இதை வரவேற்கவே செய்வார்.

வாங்கும்போது

கடையின் முகப்பில் வெயில் படக் கம்பியில் கோத்துத் தொங்கும் சுருளை வாங்க வேண்டாம். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். பி.வி.சி. மின்காப்பு நாடாவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7809 என்ற தர அளவு உண்டு. அந்த முத்திரையும் தயாரித்த மாதமும் உறையில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். நல்ல பி.வி.சி. நாடாவும் ரப்பர் நாடாவும் முறையாக வைத்தால் ஐந்து ஆண்டு வரை தாங்கும் என்று சில தயாரிப்பாளர்கள் குறிக்கின்றனர். நம் வெப்பத்தில் அவ்வளவு காலத்தை நம்பியிருக்காமல், ஓரிரு ஆண்டுக்குள் செலவாகும் அளவுக்கு மட்டும் வாங்குவதே அறிவுடைமை. டஜன் கணக்கில் வாங்கினால் விலை குறையும் என்பது உண்மை. பாதி வீணானால் அந்த இலாபம் எங்கே போயிற்று?

ஓர் இணைப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 19 மி.மீ. அகல நாடாவைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால் ஒரு சுற்றுக்கு 9.5 மி.மீ. முன்னேறும். 15 செ.மீ. நீளத்துக்கு 16 சுற்று. கம்பியின் சுற்றளவு சுமார் 2 செ.மீ. என்று கொண்டால் ஓர் அடுக்குக்கு 32 செ.மீ. மேலடுக்கில் தடிமன் கூடுவதால் இரண்டு அடுக்குக்கு 80 செ.மீ. என வைத்துக்கொள்ளலாம். மூன்று கம்பிக்கும் சேர்த்து 2.4 மீட்டர். ரப்பரில் இந்த அளவும், அதன் மேல் பி.வி.சி.யில் 3 மீட்டர் அளவும் தேவைப்படும். ஆக, வீட்டில் ரப்பர் நாடா ஒன்றும் கறுப்பு பி.வி.சி. நாடா இரண்டும் இருந்தால் சிறு விவசாயிக்குத் தாராளம்.

பழைய நாடாவைச் சோதித்தல்

சுருளின் முதல் இரண்டு சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த ஒரு முழத்தை மெதுவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீராகப் பிரிந்து, கீழ்ச் சுற்றின் முதுகு சுத்தமாக இருந்தால் நல்லது. பசை நூல் நூலாக இழுபட்டாலும், கீழ்ச் சுற்றின் முதுகில் பிசுபிசுவென்று தங்கினாலும் இளக்கி இறங்கிவிட்டது என்று அறியலாம். பிறகு இரு கையாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல நாடா நன்கு நீண்டு கொடுக்கும். நீளாமல் வெடுக்கென்று அறுந்தால் பயனில்லை. மூன்றாவதாக, பென்சில் பருமன் உள்ள சுத்தமான குச்சியில் நான்கு சுற்றுச் சுற்றி ஒரு நாள் வெயில் படும் இடத்தில் வைத்து, மறுநாள் நுனி எழும்பி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

ரப்பர் நாடாவுக்குச் சோதனை வேறு. தாளை நீக்கி, ஒரு சாண் துண்டை இழுத்துக் குச்சியில் சுற்றி, மறுநாள் கத்தியால் நீளவாட்டில் அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டு முகத்தில் அடுக்குத் தெரியாமல் ஒரே கட்டியாக இருந்தால் நாடா உயிரோடு இருக்கிறது. வெங்காயச் சருகு போல அடுக்குப் பிரிந்தால் கிணற்றுக்குள் அதை அனுப்பக் கூடாது.

சுற்றும்போது

நன்றாக வைத்திருந்த நாடாவும் சுற்றுகிற முறையால் வீணாகலாம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் மின் வேலையில் கை வைக்க வேண்டாம். அருகில் நின்று கவனித்தால் போதும். மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் இணைக்காமல் படிப்படியாக நீளம் மாற்றி வெட்டி இணைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கம்பியை உலர்ந்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் துடைத்தால் எண்ணெய்ப் படலம் நின்று பசையைப் பிடிக்க விடாது. வியர்த்த கையால் பசைப் பக்கத்தைத் தொடுவதும் அவ்வாறே.

ரப்பர் நாடாவையும் பி.வி.சி. நாடாவையும் அகலம் முக்கால் பங்காகக் குறையும் அளவுக்கு இழுத்துச் சுற்றலாம். உறையில் வேறு அளவு குறித்திருந்தால் அதையே கொள்ள வேண்டும். பி.வி.சி. நாடாவின் கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் தளர்வாக ஒட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். பல்லால் கடித்தோ இழுத்தோ அறுத்தால், இழுபட்ட நுனி பின்வாங்கி எழும்பிக்கொள்ளும். முடித்த இணைப்பைச் சில மணி நேரம் வாளி நீரில் மூழ்க வைத்து, மெக்கர் கருவியால் சோதித்த பிறகே இறக்க வேண்டும். காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த இணைப்பைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

வேறு நாடாக்கள்

குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவில் பசை இல்லை. வெப்பத்துக்கும் அது அஞ்சாது. மண் படாமல் அதன் வளையப் பெட்டியிலேயே வைத்தால் போதுமானது. மா, சப்போட்டா ஒட்டுக் கட்டும் பாலிதீன் நாடாவை வெயில் படாமல் வைக்க வேண்டும். வெயில் பட்டது கட்டும்போதே கிழியும். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் வைக்கும் மஞ்சள் ஒட்டும் பொறிகளை வயலில் மாட்டும் வரை மேல் தாளை உரிக்காமல், படுக்கை வாட்டில், நிழலில் வைத்திருக்க வேண்டும்.

சோதனையில் தேறாத பழைய பி.வி.சி. நாடாவை மின் வேலைக்குத் தவிர மற்றதற்குப் பயன்படுத்தலாம். மூட்டைக்கு அடையாளம் கட்டவும், நாற்றுக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டவும் அது போதும். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ மட்டும் போடக் கூடாது. எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிவந்து கண்ணையும் மூச்சையும் தாக்கும்.